முக்குளிப்பு வழிகாட்டிகள்: ஒரு தொழிலுக்கு எல்லை வகுத்த வரலாறு

ஸ்கூபா முக்குளிப்பில் மற்றவர்களை நீருக்கடியில் அழைத்துச் செல்லும் தொழிலாளர்கள் இரு வகையினர். ஏற்கெனவே பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இடம் காட்டி, எண்ணி இறக்கி எண்ணி ஏற்றுபவர் டைவ்மாஸ்டர். தண்ணீருக்குள் மூச்சு விட்டே அறியாதவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் தேறிவிட்டார் என்று கையெழுத்திடும் உரிமை உள்ளவர் பயிற்றுநர். படகிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இருவர் வேலையும் ஒன்றாகவே தெரியும். ஆனால் யார் எதைச் செய்யலாம், எத்தனை பேரை எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோகலாம், உயிர் போனால் யார் பொறுப்பு, இழப்பீட்டை யார் கட்டுவது என்பதற்கெல்லாம் இன்று எழுதி வைத்த விதிகள் உள்ளன. இவற்றில் மிகப் பழையதற்கும் வயது எழுபதைச் சற்றே தாண்டியிருக்கிறது. கடலைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்தவை அவற்றில் ஒரு பகுதிதான். பெரும்பகுதியை எழுத வைத்தவை சாவுகளும், நீதிமன்றத் தீர்ப்புகளும், காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கும்.

கருவி முதலில் வந்தது, ஆசிரியர் பின்னால்தான் வந்தார். 1943-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில், கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் 'அக்வா-லங்' என்னும் சுவாசக் கருவியைச் சோதித்துப் பார்த்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவாயுவில் ஓட்ட வேண்டியிருந்த காலம் அது. அதற்காகக் கன்யான் செய்திருந்த வால்வுதான் முக்குளிப்பவரின் ரெகுலேட்டராக மாறியது. போர் முடிந்து சில ஆண்டுகளில் அமெரிக்க விளையாட்டுப் பொருள் கடைகளில் இக்கருவி விற்பனைக்கு வந்தது. காசு இருந்தால் போதும், வாங்கிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போகலாம். மூச்சை அடக்காதே, உன் குமிழிகளை முந்திக்கொண்டு மேலே வராதே என்பதற்கு மேல் பெரும்பாலானோருக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு வரிப் பாடத்துக்குப் பின்னால் இருந்த ஆபத்து பெரியது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையும். இதற்குக் கடலாழம் தேவையில்லை. மேல்மட்டத்துக்கு அருகில்தான் அழுத்தம் விகித அளவில் வேகமாக மாறுகிறது என்பதால், நிறைந்த நுரையீரலோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே போதும். நீச்சல் குளத்திலும் இது நேரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதில் சாகலாம் என்பதும், பதற்றத்தில் மூச்சை அடக்குவது மனித இயல்பு என்பதும் சேர்ந்தபோது, பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டிய வேலையாக இது ஆயிற்று.

முதலில் அதைச் செய்தது ஓர் ஆய்வு நிலையம். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கான்ராட் லிம்பா என்ற உயிரியலாளர், 1950-களின் தொடக்கத்தில் சக ஆய்வாளர்களுக்கு முறையான பயிற்சித் திட்டம் ஒன்றை அமைத்தார். 1954-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையில் இருந்த ஆல் டில்மன், உயிர்காப்பாளராக இருந்த பெவ் மார்கன், ராம்சே பார்க்ஸ் ஆகிய மூவர் ஸ்கிரிப்ஸுக்குச் சென்று அந்தப் பயிற்சியை எடுத்தார்கள். தங்கள் கடற்கரைகளில் புதுக் கருவியோடு இறங்குவோர் படும் ஆபத்தைக் கண்டு போனவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே அந்தக் கவுண்டி, பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே தனிப் படிப்பைத் தொடங்கியது. முக்குளிக்கத் தெரிந்திருப்பது வேறு, முக்குளிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு என்பதை ஓர் அரசு அமைப்பு முதன்முதலாக ஏற்றுக்கொண்டது அங்கேதான். இன்றைய தொழிலின் வேரைத் தேடினால் அது கூஸ்தோவின் கப்பலில் கிடைக்காது. ஓர் உள்ளாட்சித் துறையின் பயிற்சித் திட்டத்தில்தான் கிடைக்கும்.

லிம்பாவின் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1960 மார்ச்சில் பிரான்சின் காசி நகருக்கு அருகில் உள்ள போர்-மியூ நீரடிக் குகைக்குள் சென்ற அவர் உயிரோடு வெளிவரவில்லை. அமெரிக்காவில் முக்குளிப்பைப் பாடமாக வகுத்தவர், அந்தப் பாடத்தில் இடம்பெறாத சூழலில் இறந்தார். திறந்த கடலில் ஒருவருக்கு எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும் அது குகைக்குள் செல்லுபடியாகாது என்பதைத் தொழில் ஏற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1953 அக்டோபரில் ஆஸ்கர் குகனும் பீட்டர் ஸ்மாலும் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப், ஊருக்கு ஊர் கிளைகளோடு வளர்ந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முக்குளிப்பு அதிகாரி. ஒவ்வொரு நாள் பயணத்துக்கும் ஒரு டைவ் மார்ஷல். யார் யாரோடு ஜோடி, எப்போது இறங்கினார்கள், எப்போது ஏற வேண்டும் என்று குறித்து வைப்பது அவர் வேலை. கற்றுக்கொடுப்பவர் ஊதியம் வாங்கமாட்டார், மூத்த உறுப்பினர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதே வழக்கம். 1959 ஜனவரியில் மொனாக்கோவில் கூஸ்தோவின் தலைமையில் உருவான உலக நீரடிச் செயல்பாடுகள் கூட்டமைப்பும் இத்தகைய தேசியக் கழகங்களின் சேர்க்கையே. அது பின்னர் கொண்டுவந்த நட்சத்திரத் தர வரிசையில், மற்றவர்களை அழைத்துச் செல்லும் தகுதி மூன்று நட்சத்திர முக்குளிப்பாளருக்கு உரியது. ஊதியம் வாங்காமல் கற்றுக்கொடுக்கும் இந்தக் கழக மரபு, பின்னாளில் சட்டம் நுழைந்தபோது எதிர்பாராத முக்கியத்துவம் பெற்றது.

அமெரிக்காவில் 1960-இல் டில்மனும் நீல் ஹெஸ்ஸும் 'என்.ஏ.யூ.ஐ.' என்ற பயிற்றுநர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஸ்கின் டைவர்' இதழில் ஹெஸ் எழுதிவந்த பத்திக்கு நாடெங்கிலும் உள்ள பயிற்றுநர்கள் தங்கள் பாடத்திட்டங்களை அனுப்பி மதிப்பீடு கேட்டுவந்தார்கள். அந்த வாசகர் வட்டமே சங்கத்துக்கு அடித்தளம் ஆயிற்று. 1965-இல் சிகாகோவில் நடக்க வேண்டிய பயிற்றுநர் படிப்பு ஒன்றை அச்சங்கம் ரத்துசெய்தபோது அப்பகுதியினருக்கு மனக்கசப்பு உண்டானது. முக்குளிப்புக் கருவிகளை விற்றுவந்த ஜான் குரோனினும் நீச்சல் பயிற்சியாளர் ரால்ஃப் எரிக்சனும் 1966-இல் 'பி.ஏ.டி.ஐ.' அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயரின் முதல் சொல்லே 'தொழில்முறை' என்பதைக் குறித்தது. கற்பிப்பது இனி தொண்டு அல்ல, பிழைப்பு. இந்தத் திருப்பத்தைப் பழிப்பதற்கில்லை. ஊதியம் வாங்குபவரிடம்தான் ஒழுங்கையும் பதிவேட்டையும் பொறுப்பையும் அதட்டிக் கேட்க முடியும்.

சான்றிதழ் அட்டைக்கு அதிகாரம் கொடுத்தது சட்டம் அல்ல, கடை. அட்டை காட்டாதவருக்குச் சிலிண்டரில் காற்று நிரப்புவதில்லை என்ற வழக்கம் கடைகளில் பரவியது. காற்று இல்லாமல் முக்குளிக்க முடியாது என்பதால், அரசு தலையிடாமலேயே பயிற்சி கட்டாயம் ஆனது. பயிற்சியில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1972-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் வழியாக வெளியான தரநிலை, போட்டி அமைப்புகளுக்குப் பொதுவான அடிக்கோட்டைப் போட்டது.

அமைப்புகள் பெருகப் பெருக, பதவிகளும் அவற்றின் எல்லைகளும் கூர்மையாயின. இன்றைய பி.ஏ.டி.ஐ. முறையில் டைவ்மாஸ்டர் ஆவதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். படிப்பைத் தொடங்க 40 முக்குளிப்புகளும் முடிக்க 60-உம் பதிவேட்டில் இருக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் மருத்துவரின் ஒப்புதலும் கட்டாயம். இவ்வளவுக்குப் பிறகும் அவரால் புதியவர் ஒருவருக்கு ஸ்கூபா முக்குளிப்பாளர் என்று தேர்ச்சி அளிக்க முடியாது. பயிற்றுநர் வகுப்பு நடத்தும்போது உதவியாக நிற்கலாம், தேர்ச்சி பெற்றவர்களுக்கு வழிகாட்டலாம். பயிற்றுநருக்கும் வரம்பு உண்டு. தொடக்கநிலைப் படிப்பின் கடல் பயிற்சியில் ஒரு பயிற்றுநருக்கு 8 மாணவர். தகுதியுள்ள உதவியாளர் ஒருவருக்கு இருவர் வீதம் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் 12-ஐத் தாண்டக் கூடாது. இவை உச்சவரம்புகள். தண்ணீர் கலங்கியிருந்தாலும் அலை மிகுந்திருந்தாலும் எண்ணிக்கையைக் குறைப்பது பயிற்றுநரின் கடமை. கலங்கிய நீரில் எட்டு பேரை அழைத்துப்போய் விதிக்குள்தான் இருந்தேன் என்று சொல்லிவிட முடியாது.

ஆழ வரம்பின் கதை தனி. தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லை 40. இந்த 40 மீட்டர் உண்மையில் 130 அடி. அமெரிக்கக் கடற்படை 1950-களில் வகுத்த அட்டவணைப்படி 130 அடியில் 10 நிமிடம் இருந்தால், உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக ஏறும் வழியில் நின்று நின்று வரும் இடைநிறுத்தம் இல்லாமல் நேரே மேலே வரலாம். உடல் திடகாத்திரமான இளம் கடற்படையினரைக் கருதி எழுதிய எண், சுற்றுலாப் பயணியை அழைத்துச் செல்பவரின் தொழில் எல்லையாக நிலைத்துவிட்டது. இடைநிறுத்தம் இல்லாமல் என்பதுதான் இதன் உயிர்நாடி. எந்த நொடியிலும் நேரே மேலே வர முடியும் என்ற நிலை இருக்கும்வரைதான் வழிகாட்டியால் இன்னொருவரைக் காப்பாற்ற முடியும்.

அந்த நிலை அற்றுப்போகும் இடம் குகை. தலைக்கு மேல் பாறை இருந்தால் மேலே வருவதற்கு வழி இல்லை. புளோரிடாவின் நன்னீர் ஊற்றுக் குகைகளில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளை அலசி, ஷெக் எக்ஸ்லி 1979-இல் குகை முக்குளிப்புக்கான அடிப்படை விதிகளை நூலாக வெளியிட்டார். வெளியேறும் வழிவரை தொடர்ச்சியான கயிறு வேண்டும், காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் திரும்ப வேண்டும் என்பவை அவற்றில் தலையானவை. இறந்தவர்களில் திறந்த கடல் பயிற்றுநர்கள் பலர் இருந்தார்கள். இன்றும் அக்குகை வாயில்களில் நிற்கும் எச்சரிக்கைப் பலகை, பயிற்றுநர்களும் இங்கே மாண்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தத் தொழில் தன் சொந்தப் பதவியைப் பற்றி எழுதிக்கொண்ட வாசகங்களில் மிக நேர்மையானது அதுவாகவே இருக்கும். பயிற்றுநர் என்பது எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தும் பட்டம் அல்ல.

அரசுகள் உள்ளே வந்தது 1970-களில். கடலடி எண்ணெய்த் தொழிலில் முக்குளிப்பாளர்கள் இறப்பதைக் கண்டு, அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1977-இல் வணிக முக்குளிப்புக்கு விதிகள் கொண்டுவந்தது. வேகமாக ஏறியதால் உடலில் வாயுக் குமிழிகள் உண்டானவரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திச் சிகிச்சை தரும் மீளழுத்த அறை, சில வகை முக்குளிப்புகளுக்கு இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பயிற்றுநர்களுக்கு விலக்கு கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. கற்பிப்பதற்காக மட்டும் இறங்க வேண்டும், சாதாரண அழுத்தக் காற்று ஸ்கூபாவாக இருக்க வேண்டும், இடைநிறுத்தம் தேவைப்படும் அளவுக்குப் போகக் கூடாது. விலக்கின் சொற்களைக் கவனித்தால் ஒரு குறை தெரியும்: வழிகாட்டி கற்பிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு பவளப்பாறை காட்டும் டைவ்மாஸ்டர் ஏட்டின்படி வணிக முக்குளிப்பாளரோடு சேர்ந்துவிட்டார். பிராணவாயு கூடுதலாகச் சேர்த்த நைட்ராக்ஸ் காற்று பரவியதும் சிக்கல் முற்றியது. 2004-இல்தான் பயிற்றுநர்கள், வழிகாட்டிகள் இருவருக்கும் மாற்று ஏற்பாடு வந்தது. ஆழம் 130 அடிக்குள், பிராணவாயு 40 விழுக்காட்டுக்குள், இடைநிறுத்தம் இல்லாமல், மீளழுத்த அறை நான்கு மணி நேரப் பயணத் தூரத்துக்குள் என்ற வரம்புகளில் நின்றால் படகிலேயே அறை வைத்திருக்க வேண்டியதில்லை. வணிக முக்குளிப்பாளர் வேலை முடியும்வரை கீழே இருந்தாக வேண்டியவர், வழிகாட்டி எப்போது வேண்டுமானாலும் மேலே வந்துவிடக் கூடியவர் என்ற வேறுபாடு அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படைகளில் ஒன்று.

பிரிட்டன் 1981-இல் விதிகள் இயற்றி, 1997-இல் அவற்றைத் திருத்தி எழுதியது. அங்கே கோடு ஊதியத்தில் விழுந்தது. காசுக்கு இறங்கும் பயிற்றுநர் 'வேலையில் இருப்பவர்'. எனவே எழுத்தில் திட்டம், எழுத்தில் நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர், ஏற்கப்பட்ட தகுதி, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். ஊதியம் வாங்காமல் கற்றுக்கொடுக்கும் கழகத் தொண்டர் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறார். ஒரே குளத்தில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவரைத்தான் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

காப்பீட்டின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. தனியொரு பயிற்றுநரால் தனக்குப் பொறுப்புக் காப்பீடு வாங்குவது கடினம், பயிற்சி அமைப்புகளோ உறுப்பினர்களைத் திரட்டிக் குழுவாக வாங்கித் தந்தன. அதோடு ஒரு கட்டுப்பாடும் வந்தது. காப்பீடு செல்ல வேண்டுமானால் உறுப்பினர் பதவி நடப்பில் இருக்க வேண்டும், அமைப்பின் விதிகளுக்குள் கற்பித்திருக்க வேண்டும். அறிவுரையாக இருந்த மாணவர் எண்ணிக்கையும் ஆழ வரம்பும் ஒப்பந்தத்தின் கனத்தைப் பெற்றன. நீதிமன்றங்களும் அதே விதிகளையே அளவுகோலாகக் கொண்டு, பயிற்றுநர் கவனக்குறைவாக நடந்தாரா என்று பார்த்தன. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் எல்லாவகைப் பொறுப்புக் காப்பீட்டுக்கும் கட்டணம் திடீரென ஏறியபோது முக்குளிப்புத் தொழிலும் அடிபட்டது. ஒவ்வொரு பாடமும் எந்தத் தேதியில் முடிந்தது என்று மாணவரும் பயிற்றுநரும் கையெழுத்திடும் பழக்கமும், முதல் நாளே நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவமும் இன்றைய இறுக்கத்தை அடைந்ததற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம்.

அந்தப் படிவத்தின் வலிமை நாட்டுக்கு நாடு மாறுகிறது. 1988-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்கூபா வகுப்பில் இறந்த 19 வயது இளைஞர் கையெழுத்திட்டிருந்த துறப்பு செல்லும் என்றும், பெற்றோர் கவனக்குறைவுக்காக இழப்பீடு பெற முடியாது என்றும் தீர்த்தது. 2007-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வேறொரு விளையாட்டு சார்ந்த வழக்கில், கடுமையான கவனக்குறைவைத் துறப்பு மறைக்காது என்று எல்லை போட்டது. இங்கிலாந்திலோ 1977-ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்தச் சட்டம் வந்ததிலிருந்தே, தொழில் நடத்துபவர் தன் கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பை எந்தக் காகிதத்தாலும் உதறிவிட முடியாது. கலிபோர்னியாவில் பயிற்றுநரின் முதல் அரண் கையெழுத்து, இங்கிலாந்தில் அவருக்கு எஞ்சுவது ஒழுங்காகக் கற்பித்த நடைமுறையும் காப்பீடும் மட்டும்.

பொறுப்புக் காப்பீடு, வழிகாட்டி பிறருக்குத் தர வேண்டியதைத் தரும். காயம்பட்டவரின் சிகிச்சைச் செலவு வேறு கணக்கு. மீளழுத்தச் சிகிச்சையும் ஹெலிகாப்டரில் கொண்டுபோவதும் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடக் கூடியவை. 1980-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பென்னட் தொடங்கிய அவசரத் தொலைபேசிச் சேவை, பின்னர் 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்ற அமைப்பாக வளர்ந்து, 1987-இல் முக்குளிப்பு விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இதனால் மிகுந்த பயன் அடைந்தவர்கள் பயிற்றுநர்களே. அவசர ஏற்றப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவரோடும் தனித்தனியாக மேலே வந்து மீண்டும் கீழே போகும் அவர்களின் உடல், மாணவருடையதைவிடப் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது.

விதிகள் இவ்வளவு பெருகிய பின்னும், மிக எளிய கடமை தவறிய நிகழ்வு ஒன்று தொழிலை உலுக்கியது. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியை நீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. படகில் கிடந்த அவர்களின் உடைமைகளைக் கொண்டு உண்மை தெரியவே இரண்டு நாள் ஆனது. இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை. படகின் தலைவர் மீது ஆட்கொலைக் குற்றம் சாட்டப்பட்டது, பின் நடுவர்குழு அவரை விடுவித்தது. நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தவறு தலைகளை எண்ணியதில். குவின்ஸ்லாந்து மாநிலம் எண்ணிக்கையையும், யார் எப்போது இறங்கினார் ஏறினார் என்ற பதிவேட்டையும், மேலே நின்று கண்காணிப்பவரையும் பற்றிய விதிகளை இறுக்கியது. 2011-இல் பொழுதுபோக்கு நீர்ச் செயல்பாடுகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. பிரிட்டிஷ் கழகத்தின் டைவ் மார்ஷல் 1950-களில் நோட்டுப்புத்தகத்தில் செய்ததை ஒரு நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டியிருந்தது.

2007-இல் சர்வதேசத் தர அமைப்பு, 'ஐ.எஸ்.ஓ. 24801' வரிசையின் மூன்றாம் பகுதியாக 'டைவ் லீடர்' பதவிக்கும், '24802' வரிசையில் இரு நிலைப் பயிற்றுநர்களுக்கும் பொதுத் தரம் வகுத்தது. எந்த அமைப்பின் அட்டையாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்தது. காப்பீட்டில் அப்படி ஓர் ஒழுங்கு இன்னும் வரவில்லை. பிரிட்டனின் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் தொழிலாளருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஆனால் பருவத்துக்குப் பருவம் கடற்கரை மாறி, சுயதொழிலராகவே பிழைக்கும் பயிற்றுநருக்கு அது எட்டுவதில்லை. தன் உடலுக்கும் தன் பொறுப்புக்கும் அவரே கட்டணம் கட்ட வேண்டும். பல பொறுப்புக் காப்பீடுகள், விபத்து நடந்த நாளில் மட்டும் நடப்பில் இருந்தால் போதாது, வழக்குத் தொடுக்கப்படும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும் என்ற முறையில் எழுதப்படுகின்றன. இந்த முறையில் காப்பீடு எடுத்தவர் கற்பிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டணத்தையும் நிறுத்தினால், இரண்டு ஆண்டு கழித்து வரும் வழக்கில் அவருக்குத் துணை இருக்காது. அதனால் தொழிலை விடும் பயிற்றுநர்கள், பழைய மாணவர்களால் பின்னர் எழக்கூடிய வழக்குகளுக்கென்று நீட்டிப்புக் காப்பீட்டைத் தனியாக வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது.